சொந்த ஊரிலேயே புது ஹோட்டல் தேடிச் சாப்பிடுவது எப்படி: ஒரு முழு வழிகாட்டி

ஒரே ஊரில் பல வருடமாக இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சாப்பிடப் போகும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊரில் கடைகளுக்கா பஞ்சம்? "வெளியே சாப்பிடலாம்" என்று முடிவெடுக்கும்போதே பசி வந்திருக்கும். கூட இருப்பவர்களுக்குப் பொறுமை இருக்காது. கைபேசியை எடுத்துப் பார்த்தால் எல்லாக் கடையும் நாலு நட்சத்திரத்துக்கு மேலேயே நிற்கும். கடைசியில் ஒருவர் "வழக்கமான இடத்துக்கே போயிடலாம்" என்பார், எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

இதற்குக் காரணம் துணிச்சல் குறைவு என்று நான் நினைக்கவில்லை. தேர்வு செய்யும் நேரம்தான் தவறு. பசியோடு நிற்கும் யாரும் புது இடத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். இன்னொரு தடை, "ஊரிலேயே பெஸ்ட் எது" என்ற கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டால் எல்லோரும் போகிற நாலு இடங்களுக்குத்தான் நாமும் போவோம், வரிசையில் நிற்போம், ஏமாந்தும் திரும்புவோம். பெஸ்ட் கிடைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிட்டு, சுற்றுவட்டாரத்தில் யார் என்ன சமைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம் என்று கிளம்பினால் தேடல் சுலபமாகிறது. நல்ல கடைகள் அந்த வழியிலேயே தட்டுப்படும். கீழே சொல்லும் எல்லாமே இந்த நினைப்பை வைத்துத்தான்.

முதலில் எல்லையைச் சுருக்குங்கள்

ஊர் முழுக்கத் தேடினால் ஒன்றும் நடக்காது. ஒரு தெருவையோ பேட்டையையோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ இருபது நிமிடத்துக்குள் போய்ச் சேர முடிய வேண்டும். அதைத் தாண்டினால் ஆர்வம் முதல் மாதத்தோடு சரி.

ஒரே தெருவை முழுசாகச் சாப்பிட்டு முடிப்பது என்பதை விளையாட்டாக ஆரம்பித்து பெரிய உயரத்தைத் தொட்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பீக்கோ பூலவார்ட் என்று இருபது கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரு சாலை. 1980-களின் தொடக்கத்தில் ஜொனாதன் கோல்ட் என்ற இளைஞர் அந்தச் சாலையில் இருக்கும் ஒவ்வொரு உணவகத்திலும் சாப்பிட்டுப் பார்ப்பது என்று கிளம்பினார். பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் நடத்திய சின்னச் சின்னக் கடைகள் வழியாகத்தான் தன் ஊரை அவர் தெரிந்துகொண்டார். பின்னாளில் உணவு விமர்சகரானார். 2007-இல் பத்திரிகைத் துறைக்கான புலிட்சர் விருது பெற்றார். உணவு விமர்சகர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் முறை.

நமக்கு விருது வேண்டாம், அந்த முறை போதும். தெருவின் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை வரிசையாகப் போவதில் பெரிய சௌகரியம், "எங்கே போகலாம்?" என்ற விவாதமே எழாது. அடுத்து எது என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும். முகப்பைப் பார்த்து நாம் ஒதுக்கியிருக்கும் கடைகளுக்கும் இதனால் ஒரு வாய்ப்பு கிடைக்கும். மங்கிப்போன பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருபது வருடமாக ஒரே கையால் சமைத்துக்கொண்டிருக்கும் ஆள் இருக்கலாம். சுத்தமில்லாத இடம் என்று தெரிந்தால் தாண்டிப் போங்கள், அது வேறு விஷயம்.

எவ்வளவு அடிக்கடி என்பதையும் முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒன்று என்றால் வேகம் அதிகம்தான். மாதம் இரண்டு பெரும்பாலானவர்களுக்குத் தாங்கும். வெளியே சாப்பிடுவதற்கென்று ஏற்கெனவே செலவழிக்கும் பணத்தில் பாதியைப் புது இடங்களுக்கு ஒதுக்கினால் கூடுதல் செலவே இல்லை. மீதிப் பாதி வழக்கமான கடைக்கு. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. களைத்துப்போய் வரும் நாளில் தெரிந்த சாப்பாடுதான் ஆறுதல்.

வயிறு நிறைந்திருக்கும்போது பட்டியல் போடுங்கள்

கைபேசி வரைபடச் செயலியில் தனிப் பட்டியல் ஒன்றை உருவாக்கி, கண்ணில் படும் இடங்களை எல்லாம் அதில் சேமியுங்கள். பேருந்தில் போகும்போது பார்த்தது, யாரோ பேச்சுவாக்கில் சொன்னது, நடக்கும்போது மூக்குக்கு எட்டிய தாளிப்பு வாசனை, எதுவாக இருந்தாலும் சரி. பக்கத்தில் ஒரு வரி: யார் சொன்னது, என்ன சாப்பிடச் சொன்னார்கள். அது இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து அந்தப் பெயரை ஏன் சேர்த்தோம் என்றே தெரியாது.

யாரைக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள், டாக்ஸி ஓட்டுநர்கள், மருத்துவமனை ஊழியர்கள், பொருள் டெலிவரி செய்பவர்கள் எல்லாம் தினமும் வெளியே சாப்பிட வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்கள். அலங்காரத்துக்கு மயங்க அவர்களுக்கு நேரமில்லை. அதற்கும் ஒரு படி மேலே, உணவகங்களுக்குக் காய்கறியோ இறைச்சியோ சப்ளை செய்யும் வியாபாரிகள். யார் முதல் தரச் சரக்கு கேட்கிறார், யார் மிச்சத்தை மலிவு விலைக்குக் கேட்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். பழகியவர் என்றால் சொல்வார்.

கேட்கும் விதத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். "நல்ல கடை எது?" என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிந்த பெயரைத்தான் சொல்வார்கள், தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலையில். "போன வாரம் எங்கே சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். அப்போது நிஜமாகப் போன இடம் வரும். "உங்க ஊர்ச் சாப்பாடு இங்கே எங்கே கிடைக்கும்?" என்று வெளியூரிலிருந்து வந்து குடியேறியவரிடம் கேட்டால் இன்னும் நல்ல பதில் கிடைக்கும். சில சமயம் கூடவே அழைத்துக்கொண்டும் போவார்கள்.

ரேட்டிங்கை எப்படி வாசிப்பது

இணைய ரேட்டிங்கை அடியோடு ஒதுக்கிவிடலாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. ரொம்பப் பிடித்தவர்களும் ரொம்பக் கோபப்பட்டவர்களும்தான் மெனக்கெட்டு எழுதுவார்கள். நடுவில் "பரவாயில்லை" என்று எழுந்து போன பெரும்பான்மை அங்கே இருக்காது. அதனால்தான் ஐந்தும் ஒன்றும் குவிந்து கிடக்கின்றன.

அந்த எண்ணில் காசும் இருக்கிறது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை வைத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வாடிக்கையாளர்கள் ரிவ்யூ எழுதும் யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுவதாகக் கண்டார். அந்தப் பலன் தனி முதலாளிகள் நடத்தும் கடைகளுக்குத்தான், ஒரே பெயரில் பல கிளைகள் வைத்திருக்கும் சங்கிலிக் கடைகளுக்கு இல்லை. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் தில்லுமுல்லு வராமல் இருக்குமா? 2017-இல் லண்டனில் ஒருவர், தான் குடியிருந்த தோட்டக் கொட்டகையை உணவகம் என்று ட்ரிப்அட்வைசர் தளத்தில் பதிவு செய்தார். ஷேவிங் நுரையையும் இன்னும் என்னவோவையும் தட்டில் வைத்துப் படம் எடுத்துப் போட்டார், நண்பர்களை வைத்து ரிவ்யூ எழுதவைத்தார். ஒரு சாப்பாடுகூடப் பரிமாறாமல் லண்டனின் முதலிடத்துக்கு வந்துவிட்டது அந்தக் கொட்டகை. போலி ரிவ்யூக்களைத் தடை செய்யும் விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனும் அடுத்த வருடமே தடை கொண்டுவந்தது. ஆனாலும் சலித்தெடுக்கும் வேலை நம்முடையதுதான்.

நான் செய்வது இது. முதலில் ரிவ்யூக்களைப் புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்துவேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய பாராட்டு அப்போதைய மாஸ்டருக்கு உரியது, அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்பது யாருக்குத் தெரியும்? அப்புறம் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களை வாசிப்பேன். "இது நன்றாக இருந்தது, அது ஆறிப்போய் வந்தது" என்று பிரித்துச் சொல்பவர்கள் அவர்கள்தான். ஒற்றை நட்சத்திரங்களில் பார்க்கிங், டெலிவரி தாமதம் பற்றியவற்றைத் தள்ளிவிட்டு, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வேறு வேறு ஆட்கள் வேறு வேறு மாதங்களில் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுவேன். அப்படி இருந்தால் அந்தக் கடை பட்டியலிலிருந்து போய்விடும். கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு, சாப்பிட வந்தவர்கள் எடுத்த, வெளிச்சம் சரியில்லாத படங்களைப் பாருங்கள். தட்டில் அளவு எவ்வளவு, எண்ணெய் எப்படி மிதக்கிறது, மெனு கார்டில் விலை என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும்.

திறந்த முதல் வாரத்திலேயே ஒரே மாதிரி வாக்கியங்களில் ஐந்து நட்சத்திரங்கள் வரிசையாக வந்திருந்தால் அவற்றைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

எப்போது போவது

புதிதாகத் திறந்த கடைக்கு ஒரு மாதமாவது அவகாசம் கொடுங்கள். முதல் நாட்களில் மெனு மாறிக்கொண்டே இருக்கும், ஆட்கள் பழகியிருக்க மாட்டார்கள். அதோடு அப்போது முதலாளியே சமையலறையில் நின்றுகொண்டிருப்பார். அந்தச் சாப்பாட்டை வைத்துப் பிறகு கிடைக்கப் போவதை எடை போட முடியாது, நல்லதோ கெட்டதோ.

கூட்டம் உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னால் போவது சரி. அடுப்பு சூடாகியிருக்கும், சரக்கு புதிதாக இருக்கும், நின்று பதில் சொல்லவும் ஆட்களுக்கு நேரம் இருக்கும். பண்டிகை, விடுமுறை நாட்கள் வேண்டாம். அந்த நாட்களில் மெனுவைக் குறைத்து, விலையைக் கூட்டி, அவசர அவசரமாகத் தள்ளுவார்கள். கடை மூடப் போகும் கடைசி அரை மணி நேரமும் வேண்டாம். கிளம்பும் முன் ஒரு போன் செய்துவிடுங்கள். சின்னக் கடைகளின் வேலை நேரம் இணையத்தில் ஒன்றாகவும் நிஜத்தில் வேறாகவும் இருக்கும்.

உட்காரும் முன் ஐந்து நிமிடம்

கதவைத் திறந்ததும் மூக்கை நம்புங்கள். பழைய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் வாடை தனியாகத் தெரியும், தொண்டையில் ஒட்டும். கழுவாத துணியால் துடைத்த மேஜையிலும் ஒரு புளித்த வாடை இருக்கும். கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா, கழிப்பறை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தையே கவனிக்காதவர், பார்க்காத சமையலறையை எப்படி வைத்திருப்பார்?

அரசாங்கச் சோதனையின் முடிவை வாசலிலேயே காட்ட வேண்டும் என்று சில ஊர்களில் விதி இருக்கிறது. நியூயார்க்கில் 2010 முதல் ஏ, பி, சி என்று எழுத்துத் தரம். டொரான்டோவில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை. பிரிட்டனில், ஸ்காட்லாந்து தவிர, பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண். அதை வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் கட்டாயம் ஒட்டியாக வேண்டும், இங்கிலாந்தில் விருப்பம்தான். ஆகவே அங்கே ஒட்டாமல் விட்டிருந்தால் இணையத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். அது பதிவுக்கான எண்தான், சுத்தத்துக்கான மதிப்பெண் இல்லை. உங்கள் ஊரில் எது நடைமுறை என்று ஒரு தடவை தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

பஃபே இருக்கும் கடையில் மட்டும் இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சூடாகப் பரிமாற வேண்டியது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். மூடியைத் தூக்கினால் ஆவி முகத்தில் அடிக்க வேண்டும். ஓரங்களில் காய்ந்து, மேலே ஏடு படிந்திருந்தால் அது வெகு நேரமாக அங்கே இருக்கிறது. ட்ரே காலியாகும்போது என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். பழையதை எடுத்துவிட்டுப் புது ட்ரே வைத்தால் நல்லது. அடியில் கிடக்கும் மிச்சத்தின் மேலேயே புதியதைக் கொட்டிக் கரண்டியால் ஒரு கிளறு கிளறினால், காலையில் செய்தது ராத்திரி வரை அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பிடிக்கவில்லை என்றால் உட்காரும் முன்பே திரும்பிவிடுங்கள். "இன்னொரு நாள் வர்றோம்" என்று சொன்னால் போதும். உட்கார்ந்து தண்ணீர் வந்துவிட்ட பிறகு எழுந்து போகப் பெரும்பாலானவர்களுக்குக் கூச்சமாகிவிடும்.

ஆர்டர் செய்வது

மெனு கார்டு சும்மா அச்சடித்த பட்டியல் இல்லை. 1980-களின் தொடக்கத்திலேயே மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் காசவானா, ஸ்மித் இருவரும் மெனுவில் உள்ள பதார்த்தங்களை நான்கு வகையாகப் பிரிக்கும் முறையை வகுத்தார்கள். நிறைய விற்று நல்ல லாபமும் தருவது ஒரு வகை. நிறைய விற்றாலும் லாபம் குறைவானது இன்னொன்று. லாபம் இருந்தும் விற்காதது மூன்றாவது. இரண்டும் இல்லாதது கடைசி. கட்டம் கட்டி, படம் போட்டு, நட்சத்திரக் குறி வைத்திருப்பது பல சமயம் அந்த மூன்றாவது வகையாக இருக்கும். கடைக்காரர் தள்ளிவிட நினைப்பது அதைத்தான். நமக்கு வேண்டியது முதல் இரண்டு வகை. நிறைய விற்பதைத்தான் நாள் முழுக்கப் புதிதாகச் செய்துகொண்டே இருப்பார்கள், கையும் அதில் பழகியிருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க சர்வரிடம் "எது நல்லா இருக்கும்?" என்று கேட்காதீர்கள். "எல்லாமே நல்லா இருக்கும் சார்" என்றுதான் பதில் வரும், அவரும் வேறு என்ன சொல்ல முடியும்? "இன்னைக்கு எது அதிகமா போயிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். சமையலறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்தப் பார்வை வந்தால் பதில் நிஜமானது. பக்கத்து மேஜைகளையும் மெதுவாக நோட்டம் விடுங்கள். மெனுவைப் பிரிக்காமலேயே ஆர்டர் சொல்பவர் வாடிக்கையாளர். அவர் தட்டில் வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் முறைக்கு என் கணக்கு இப்படி: அந்தக் கடையில் அதிகம் போவது ஒன்று, நன்றாகத் தெரிந்த, பல இடங்களில் சாப்பிட்டுப் பழகிய ஒன்று, இதுவரை சாப்பிடாத ஒன்று. தெரிந்ததை வாங்குவது வீண் என்று தோன்றலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அதை விட்டால் வேறு வழி இல்லை. சாப்பிட்டே பார்க்காத பண்டம் சரியாக வந்திருக்கிறதா என்பதை யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் சின்ன அளவாகவோ பகிர்ந்துகொள்ளும்படியோ இருக்கட்டும். ஒரே சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அதன் மீதுள்ள ஆசை சீக்கிரம் குறைந்துவிடுகிறது, வேறு சுவைகள் மீதான ஆசை அவ்வளவாகக் குறைவதில்லை என்பதை 1981-இலேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்புக்கு மட்டும் இடம் கிடைப்பது இதனால்தான். ஒரு பெரிய தட்டை முடிப்பதைவிட மூன்று சின்னத் தட்டுகளில் கடையைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

மெனு ரொம்ப நீளமாக, உலகத்திலுள்ள எல்லா நாட்டுச் சமையலும் ஒன்றாக இருந்தால் உஷார். இருநூறு பதார்த்தத்துக்கும் தினமும் புதுச் சரக்கு வாங்க யாராலும் முடியாது. ஃப்ரீசரிலிருந்து வருகிறது, அல்லது ஒரே குழம்புக்குப் பத்துப் பெயர். அப்படிப்பட்ட கடையில் முதல் பக்கத்தில் இருப்பதை மட்டும் வாங்குங்கள்.

ஒவ்வாமை இருந்தால் ஆர்டர் எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகைப் பொருட்களுக்கு உணவகம் தகவல் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அப்படிச் சட்டம் இல்லாத ஊர்களில் "அது இல்லாமல் செய்துடலாம்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஒரே வாணலி, ஒரே எண்ணெய், ஒரே கரண்டியா என்று தனியாகக் கேளுங்கள். பதில் தடுமாறினால் அந்தக் கடை உங்களுக்கானது இல்லை.

சாப்பிடும்போது

தட்டு வந்ததும் சாஸ், உப்பு, தொட்டுக்கொள்ள வைத்தது எதையும் சேர்க்காமல் முதல் இரண்டு வாய் அப்படியே சாப்பிடுங்கள். சமைத்தவர் என்ன நினைத்தார் என்பது அப்போதுதான் தெரியும். சூடு இருக்கிறதா? உப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா? காய் வெந்தும் கடிபடுகிறதா? ஒரே மேஜைக்கு வாங்கிய மூன்று குழம்புகளும் அடியில் ஒரே ருசியாக இருந்தால், மூன்றும் ஒரே பெரிய சட்டியிலிருந்து வந்தவை என்று வைத்துக்கொள்ளலாம்.

தனக்குப் பிடிக்காததையும் சரியாகச் செய்யாததையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. புளிப்பு தூக்கலாக இருப்பது அந்தச் சமையலின் இயல்பாக இருக்கலாம். கருகியதும் வேகாததும் எந்தச் சமையலிலும் குறைதான். தெரியாத சமையலாக இருந்தால் சர்வரிடம் "இதை எப்படிச் சாப்பிடணும்?" என்று கேட்டுவிடுங்கள். எதை எதில் தொட வேண்டும், எது கடைசியில் வர வேண்டும் என்று தெரிந்து சாப்பிட்டால் பாதிப் புகார்கள் வராது.

குறை இருந்தால் அப்போதே, மெதுவான குரலில், பாதிக்கு மேல் சாப்பிடுவதற்குள் சொல்லுங்கள். மாற்றித் தருவதோ தராததோ அந்தக் கடையைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லும். தட்டைக் காலி செய்துவிட்டுப் பில் வரும்போது சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

யாரோடு போவது

மூன்று பேர், அதிகம் போனால் நாலு பேர். அதற்கு மேல் போனால் ஒருவர் பசியோடு இருப்பார், ஒருவர் கைபேசியில் இருப்பார். ஒவ்வொரு முறையும் ஒருவர் தேர்ந்தெடுக்கட்டும், மற்றவர்கள் மறுபேச்சு பேசக் கூடாது. பொதுவான செலவாகப் போட்டுப் பிரித்துக்கொள்வதா, அவரவர் சாப்பிட்டதற்கா என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.

வீட்டில் புதிது என்றாலே முகம் சுளிப்பவர் இருந்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். அவருக்குப் பிடித்த ஒன்றாவது மெனுவில் இருக்கும் கடையாகப் பார்த்து அழைத்துப் போங்கள், உங்கள் தட்டிலிருந்து ஒரு வாய் கொடுங்கள், அவ்வளவுதான். சின்னக் குழந்தைகள் இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புது உணவை மறுப்பது இயல்பு. பல தடவை கண்ணில் பட்டு, நாக்கில் பட்ட பிறகுதான் ஏற்றுக்கொள்வார்கள்.

தனியாகப் போவதையும் ஒரு தடவை செய்து பாருங்கள். சமையலறை தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தால் நல்ல பொழுதுபோக்கு. தட்டுகள் தயாராகி எவ்வளவு நேரம் மேடையில் காத்திருக்கின்றன, மாஸ்டர் ருசி பார்க்கிறாரா, ஆட்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். கத்திக்கொண்டே இருக்கும் சமையலறையில் நல்ல சாப்பாடு வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஆட்கள் நிலைப்பதில்லை, ஆள் மாறினால் ருசியும் மாறும்.

வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிடுவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மொறுமொறுப்பாக வர வேண்டியது டப்பாவுக்குள் ஆவியில் நமத்துப்போய் வரும், அதற்குச் சமைத்தவர் பொறுப்பில்லை. தவிர, செயலியில் ஐந்து பெயர்களில் தெரியும் கடைகள் ஒரே சமையலறையாக இருப்பதும் சகஜம். முகவரியை ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எழுதி வையுங்கள், திரும்பப் போங்கள்

வீடு திரும்பும் வழியிலேயே நாலு வரி எழுதிவிடுங்கள். தேதி, கடை, வாங்கியது, பில் எவ்வளவு, அடுத்த முறை என்ன வாங்க வேண்டும், என்ன வாங்கக் கூடாது. மெனுவை ஒரு படம் எடுத்துவைத்தால் இன்னும் நல்லது. நட்சத்திரம் போடுவதை நான் விட்டுவிட்டேன். "மூன்றரை" என்று எழுதியதைப் பிறகு பார்த்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. "சூப் நன்று, மற்றதில் எண்ணெய், சீக்கிரம் போனால்தான் ஜன்னலோர மேஜை" என்றால் கடையே கண்முன் வந்துவிடும்.

இரண்டாவது முறை போவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். பட்டியலில் அடுத்த பெயர் காத்திருக்கும்போது பார்த்த இடத்துக்கே ஏன் போக வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஒரு தடவை சாப்பிட்டதை வைத்துச் சமையலறையை எடைபோட முடியாது. அன்றைக்கு மாஸ்டர் விடுப்பில் இருந்திருக்கலாம், அல்லது எதேச்சையாக எல்லாம் கூடிவந்திருக்கலாம். பெரிய பத்திரிகைகளின் விமர்சகர்கள் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட முறை போன பிறகே எழுதுவார்கள். 1900-இல் வாகன ஓட்டிகளுக்காக ஒரு டயர் நிறுவனம் வெளியிட ஆரம்பித்த மிஷலின் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆய்வாளர்கள் தங்களை யாரென்று காட்டிக்கொள்ளாமல் போய், தங்கள் பில்லைத் தாங்களே கட்டுகிறார்கள். நட்சத்திரம் தர அவர்கள் பார்க்கும் ஐந்து அளவுகோல்களில் ஒன்று, மெனு முழுக்கவும் ஒவ்வொரு வருகையிலும் தரம் மாறாமல் இருக்கிறதா என்பது. அலங்காரத்துக்கு அதில் இடமே இல்லை.

ஆகவே முதல் முறை சாப்பிட்டுவிட்டு ஒரே ஒரு முடிவு எடுத்தால் போதும்: திரும்ப வருவதா, வேண்டாமா. வருவது என்றால் ஒரு மாதத்துக்குள், வேறு கிழமையில், வேறு நேரத்தில் போங்கள். முன்பு பிடித்ததில் ஒன்றைத் திரும்ப வாங்குங்கள், மற்றதெல்லாம் புதிதாக இருக்கட்டும். பிடித்தது அதே மாதிரி இருந்தால் கடையை நம்பலாம். மூன்றாவது முறை போகும்போது சர்வருக்கு முகம் பழகியிருக்கும். மெனுவில் இல்லாததைப் பற்றி அவரே வந்து சொல்லும் கட்டம் அதுதான். "இன்னைக்கு மீன் வேண்டாம் சார்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்தக் கடையை விட்டுவிடாதீர்கள்.

இணையத்தில் ரிவ்யூ எழுதுவதாக இருந்தால் அந்த இரண்டாவது முறைக்குப் பிறகு எழுதுங்கள். எந்தக் கிழமை, எந்த நேரம், என்ன வாங்கினீர்கள் என்பதைச் சேர்த்தால்தான் அடுத்தவருக்கு உதவும். சின்னக் கடையாக இருந்து, குறை சின்னதாகவும் இருந்தால் நேரில் சொல்வதே நல்லது. ஒற்றை நட்சத்திரம் அங்கே ஒருவரின் வேலையைக்கூடப் பறிக்கலாம். வயிற்றைக் கெடுத்தது என்றால் ரிவ்யூவோடு நிறுத்தாமல் உங்கள் ஊர்ச் சுகாதாரத் துறைக்குத் தேதி, நேரத்தோடு புகார் கொடுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியலைத் திறந்து களை எடுங்கள். மூடிய கடைகளை நீக்குங்கள், கைமாறிய கடைகளைப் புதியவையாகத் திரும்பச் சேருங்கள், ஏன் சேர்த்தோம் என்று தெரியாதவற்றைத் தயங்காமல் தூக்கிவிடுங்கள். தெரு முடிந்திருந்தால் அதற்குக் குறுக்கே போகும் தெருவை எடுத்துக்கொண்டு, முதல் கடைக்குப் போகும் நாளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.